நாலு சாவி போட்ட பூட்டு

கே: சட்டமன்ற உறுப்பினராக அரசியலுக்கு வந்த தியோடர் ரூஸ்வெல்ட் (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்), பிறகு நியூயார்க் போலீஸ் தலைவராகி இரண்டே வருடத்தில் லஞ்சத்தை ஒழித்துக் காட்டினாரே! கைசுத்தமான ஒரு ஆள் மேலே வந்தால் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? சட்டசபை அனுபவம் அவருக்கு அங்கே உதவியதா?
— ஒரு வாசகர், மதுரை

ப: ஒழிக்கவில்லை. சில இடங்களில் ஆழமாக வெட்டினார், சில இடங்களில் கை கட்டப்பட்டு நின்றார். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் முடிவு நிற்காது.

அவர் பதவியேற்றது 1895 மே 6. அதற்கு முந்தைய வருடம்தான் மாநில செனட்டின் லெக்ஸோ குழு போலீஸ் துறையைக் குடைந்தெடுத்திருந்தது. அதில் வாக்குமூலம் கொடுத்த டிமொதி கிரீடன் என்ற அதிகாரியைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். பதவி உயர்வுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். ஆனாலும் பதவி வரவில்லை. கேப்டன் ஆவதற்குக் கடைசியில் அவர் தரப்பு கொடுத்த தொகை 15,000 டாலர். கேப்டனின் வருடச் சம்பளமே 2,750 டாலர்தான். பணத்தை நண்பர்கள் கடனாகத் திரட்டித் தந்தார்கள், அவர்களில் மதுக்கடைக்காரர்களும் உண்டு. ஒரு காசு செலவழிக்காமல் சம்பளம் முழுவதையும் கொட்டினாலும் கடன் தீர ஐந்தரை வருடம் ஆகும். வேறு எங்கிருந்து வரும்? மாமூலில் இருந்துதான். கடன் கொடுத்த கடைக்காரர் மேல் அந்தக் கேப்டன் எப்படி வழக்குப் போடுவார்? பணம் கொடுத்துத்தான் வேலை என்றான பிறகு, தெருவில் நடக்கும் வசூல் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் வேலை.

ரூஸ்வெல்ட்டின் உண்மையான சாதனை இந்த வாசலை அடைத்ததில் இருக்கிறது. கிரீடன் கதை காட்டுவது போல, தேர்வு என்று ஒன்று முன்பே இருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு போகும் சந்துகளும் இருந்தன. இவர் வந்த பிறகு கட்சிக்காரர் சிபாரிசு செல்லாது என்றானது. உடல் தகுதி, நடத்தை விசாரணை, எழுத்துத் தேர்வு, இந்த மூன்றையும் தாண்டினால்தான் வேலை. இரண்டு வருடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதியவர்கள் இப்படி உள்ளே வந்தார்கள். கைத்துப்பாக்கி ஒரே ரகமாக, .32 கோல்ட்டாக மாறியது. சுடுவதற்குப் பயிற்சிப் பள்ளி வந்தது. 1895 டிசம்பரில் சைக்கிள் படை, அடுத்த வருடம் குற்றவாளிகளை உடல் அளவால் அடையாளம் காணும் பெர்ட்டியோன் முறை.

நள்ளிரவு ரோந்துதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 1895 ஜூன் 7 அதிகாலையில் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸுடன் கிளம்பினார். நடைபாதையில் ஒரு வெண்ணெய்த் தொட்டி மேல் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரரை எழுப்பினார். பத்திரிகைகளுக்கு விருந்து. போலீஸ்காரர்களுக்கும் பயம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படையை ஒரே ஆள் எத்தனை இரவு எழுப்ப முடியும்?

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை மதுவிலக்கு. சட்டம் பழையது. நகர அரசியலைக் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சி அமைப்பான டாமனி ஹால் அதை வசூல் கருவியாக வைத்திருந்தது. மாமூல் தந்த கடையின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும், தராத கடையில் கைது. ரூஸ்வெல்ட் எல்லாக் கதவையும் ஒரே மாதிரி சாத்தினார். சட்டம் பிடிக்கவில்லையென்றால் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் உள்ள சட்டசபைக்குப் போய் மாற்றுங்கள் என்றார். நியாயமான பதில். ஆறு நாள் உழைத்து ஒரு நாள் பீர் குடிக்கும் ஜெர்மானியத் தொழிலாளிகள் கொதித்துப்போனார்கள், அந்த நவம்பர் தேர்தலில் நகரத்தில் டாமனி ஜெயித்தது. 1896-இல் சட்டசபை மாற்றவும் செய்தது, ரெயின்ஸ் சட்டம் என்று. பத்து படுக்கையறை உள்ள ஹோட்டலில் சாப்பாட்டுடன் மது தரலாம். உடனே மதுக்கடைகள் மாடியைத் தட்டி அடைத்துப் பத்து அறை ஆக்கின. யாரும் கடிக்காத ஒரே சாண்ட்விச் மேசைக்கு மேசை பயணம் செய்தது. மாடி அறைகள் விபசாரத்துக்குப் போயின. சட்டம் எழுதியவர்கள் தெருவைப் பார்க்காமல் எழுதியதன் விளைவு இது.

இனி நீங்கள் கேட்ட சட்டசபை அனுபவம். 23 வயதில் ஜெயித்து 1882 முதல் 1884 வரை மூன்று முறை அங்கே இருந்தவர். உதவியது, நிச்சயமாக. 1883-இன் மாநில அரசுப்பணித் தேர்வுச் சட்டத்துக்காக அவர் பாடுபட்டார். பிறகு ஆறு வருடம் மத்திய அரசுப்பணி ஆணையத்தில் அதே வேலை. போலீஸ் தேர்வைச் சீர்செய்தபோது அவருக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. 1884-இல் நகரங்கள் குழுவின் தலைவராக அவர் கொண்டுவந்த இன்னொரு சட்டம்தான் உங்கள் கேள்விக்கு நேர் பதில். நியூயார்க் மேயரின் நியமனங்களுக்கு நகர மன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை என்றது அது. அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால்தான் தப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்க முடியும் என்பது அவர் கணக்கு.

பதினோரு வருடம் கழித்து அவர் உட்கார்ந்த நாற்காலி அந்தக் கணக்குக்கு நேர் எதிரானது. அவர் தனிக் கமிஷனர் அல்ல, நால்வர் வாரியத்தின் தலைவர் மட்டுமே. குடியரசு, ஜனநாயகம் என்ற இரண்டு கட்சிகளுக்கும் தலா இரண்டு பேர் என்று பங்கு. அதற்குக் கீழே, விசாரணை நடத்தாமல் நீக்க முடியாத ஒரு தலைமை அதிகாரி. அந்த அதிகாரியும் ஒரே ஒரு கமிஷனரும் சேர்ந்துகொண்டால் மற்ற மூவர் செய்வதில் பெரும்பகுதியை நிறுத்திவிடலாம். அப்படித்தான் நடந்தது. கமிஷனர் ஆண்ட்ரூ பார்க்கரும் தலைமை அதிகாரி பீட்டர் கான்லினும் ஒன்று சேர, பதவி உயர்வுகள் முடங்கின. விதியை மாற்றச் சொல்லி 1896-இல் ஆல்பனியில் முயன்றும் பலிக்கவில்லை. நேர்மையில் குறை இல்லை ஐயா, பூட்டுக்கு நாலு சாவி.

1897 ஏப்ரலில் கடற்படைத் துறை துணைச் செயலாளராக வாஷிங்டன் போனார். அந்த நவம்பரில் மேயர் தேர்தலில் வென்று டாமனி நகர நிர்வாகத்தைப் பிடித்தது. 1898-இல் போலீஸ் தலைமைக்கு வந்தவர் பில் டெவெரி: லஞ்சப் புகாரில் 1894-இல் நீக்கப்பட்டு, நீதிமன்றம் வழியாகத் திரும்பியவர். நால்வர் வாரியத்தைக் கலைத்து ஒரே கமிஷனர் என்று சட்டசபை ஆக்கியது 1901-இல். முதல் கமிஷனர் மைக்கேல் மர்ஃபி, டாமனிக்காரர். டெவெரியைத் தன் துணையாகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.