நின்டெண்டோ சுவிட்ச், எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோலுக்கெல்லாம் வேற கம்பெனி சாமான் வாங்கி மாட்டலாமா?

ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல, ஒரிஜினல் வெல கட்டுப்படியாகல, வேற கம்பெனி டாக் (சுவிட்ச சொருகி டிவியோட இணைக்கிற ஸ்டாண்டு), சார்ஜர், கன்ட்ரோலர்லாம் மாட்டுனா கன்சோலுக்கு ஏதாச்சும் ஆயிடுமான்னு. எல்லாத்தையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க தம்பி. பவுச்சு, ஸ்க்ரீன் கார்டு இதுக்கெல்லாம் யோசிக்கவே வேணாம், கரண்டு போற சாமான்தான் வில்லங்கம்.

நின்டெண்டோ சுவிட்ச டாக்ல வெச்சு டிவியில ஓட்டுறப்ப அதோட அடாப்டர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் வரைக்கும் குடுக்கும், சாதா போன் சார்ஜர சொருகுனா சார்ஜ் மெதுவா ஏறும் ஆனா டாக்ல டிவிக்கு படம் வராது. 2018ல சுவிட்சோட 5.0 சாஃப்ட்வேர் அப்டேட் வந்தப்ப வேற கம்பெனி டாக்ல வெச்ச சில பேரோட சுவிட்ச் படுத்து எந்திரிக்கவே இல்ல, அதனால டாக் மட்டும் ஒரிஜினல்தான், அதுல நான் பேரமே பேச மாட்டேன்.

எக்ஸ்பாக்ஸ்ல வேற கூத்து. 2023 நவம்பர்ல இருந்து லைசென்ஸ் இல்லாத கன்ட்ரோலர மைக்ரோசாப்டே ப்ளாக் பண்ணிருது, காசு போச்சு. பாக்ஸ்ல 'டிசைன்டு ஃபார் எக்ஸ்பாக்ஸ்' முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க.

அதுக்காக வெளி சாமான்னாலே மட்டம்னு சொல்லல. நான் அஞ்சு ரோட்டு பக்கம் வாங்குன பேர் தெரியாத கன்ட்ரோலர் மூணே மாசத்துல ஸ்டிக்க தொடாமலே ஆட்டத்துல ஆளு தானா நகர ஆரம்பிச்சாப்ல (வீட்ல திட்டு வேற), இப்ப வெச்சிருக்கறதும் வெளி கம்பெனிதான், ஆனா ஹால் எஃபெக்ட் ஸ்டிக், காந்தத்த வெச்சு வேல செய்யுது, உரசித் தேயற சென்சார் அதுல இல்ல, நல்லாவே ஓடுது.

அப்புறம் மலைமேல இடி இடிச்சா ஒரிஜினலோ டூப்போ, மொதல்ல பிளக்க புடுங்கிருங்க.