ஒரே வட்டாரத்திலிருந்து வந்த ரசனை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஒரு கட்டுரையில் நாகஸ்வரத்தைப் புகழும் நீங்கள் இன்னொன்றில் உறுமி மேளத்தைப் புகழ்கிறீர்கள். எழுத்தாளர் கு. அழகிரிசாமியை விரும்பிப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, பழைய காலண்டர் சாமிப்படங்களைச் சேர்ப்பதுதான் பொழுதுபோக்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். உயர்ந்த ரசனையும் பாமர ரசனையும் இப்படி ஒருவரிடம் கலந்திருக்கலாமா? மாணவர்களுக்கு நான் எதைக் காட்டுவது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் குறிப்பிட்டவை எல்லாம் எனக்கு ஏறக்குறைய ஒரே வட்டாரத்திலிருந்து, தமிழ்நாட்டின் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்திலிருந்து வந்தவை. என் ரசனை பரந்தது அன்று. குறுகியதுதான், அந்தக் குறுகலில் எனக்கு நிறைவு உண்டு.

இங்கே ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வளர்ந்த என் தலைமுறை முதன்முதலில் பார்த்த ஓவியம், மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டரில் இருந்த முருகனோ கஜலட்சுமியோதான். அந்தப் பாணியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைபவராகக் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகிக் கடல் கடந்து வந்தன. சாமிக்குப் பின்னால் தெரியும் ஏரியும் மலையும் மாளிகைத் தூண்களும் நாடகத் திரையின் தொடர்ச்சி என்பதை அறிந்த பிறகு, முகத்தைவிடப் பின்புலத்தையே அதிக நேரம் பார்க்கத் தொடங்கினேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்து, குடும்பங்கள் லயத்தைவிட்டுப் புறப்பட்டபோது, குப்பையில் போட மனமில்லாமல் கோயில் மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போன படங்களே என் சேகரிப்பில் பெரும்பகுதி.

நாகஸ்வரத்தில் எனக்கு நெருக்கமானவர் காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964-இல் நடு வயதிலேயே மறைந்தவர். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கு. அழகிரிசாமி பிறந்த இடைசெவலும் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். 1950-களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றி, இங்கே எழுதத் தொடங்கிய இளைஞர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, 1957-இல் தமிழ்நாடு திரும்பினார். அவரைச் சிறுகதையாசிரியராக மட்டும் அறிந்தவர்கள், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தவரும் அவரே என்பதைக் கவனிப்பதில்லை. என் ரசனை முழுவதும் ஒன்றுகூடும் இடம் அந்தப் பாட்டுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவில் இருந்த ரெட்டியார், கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடப்பவர்களுக்காகப் பாடியது அது. தோளில் சுமையோடு நடப்பவனின் மூச்சுக்கு ஏற்றபடி சொற்கள் துண்டு துண்டாக விழுகின்றன. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் இயைபு வந்து அடுத்த அடிக்குத் தள்ளிவிடுகிறது. நாற்காலியில் அமர்ந்து வாசித்தால் வெறும் சொல் அலங்காரமாகத் தோன்றும் வரிகள், நடந்துகொண்டே பாடும்போது சரியாகப் பொருந்திவிடுகின்றன.

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லும் காவடிகளுக்கு அந்த நடையை இன்று கொடுப்பது உறுமிதான். கரிசல் நாட்டில் ராஜகம்பளத்தார் என்ற சமூகத்தினர் ஆடும் தேவராட்டத்துக்கு அடிக்கப்படும் தேவதுந்துபியும் உறுமி இனத்துக் கருவியே. இடை சிறுத்த அந்தக் கருவியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறு முகத்தில் குச்சியால் அடிப்பார்கள். அடியை யாரும் ஓரளவு பழகிவிடலாம். தேய்க்கும் கையில்தான் கலைஞன் தெரிவான். குச்சியின் அழுத்தம் கூடக் குறைய அந்த உறுமல் எழுந்து தாழ்ந்து, ஏறக்குறைய ஒரு குரலாகவே மாறும். மாரியம்மன் திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் அதே கருவி வேறு வேறாகப் பேசுவது இதனால்தான். வேகத்தை மட்டும் ஏற்றி, ஒலிபெருக்கியின் பலத்தில் தேய்ப்பே கேட்காதபடி முழக்கும் குழுக்களை எனக்குப் பிடிப்பதில்லை. நாகஸ்வரத்திலும் விரலோட்டத்தைக் காட்டுவதற்காக மட்டும் வாசிப்பவர்களை அதே காரணத்துக்காக ஒதுக்குகிறேன். நீங்கள் சொல்லும் உயர்வு, தாழ்வு என்ற கோடு ஒவ்வொரு கலைக்குள்ளும் இருக்கிறது. இரண்டு கலைகளுக்கு நடுவே அதை நான் கண்டதில்லை.

மாணவர்களைப் பொறுத்தவரை, என் பட்டியலை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். அவர்களில் சிலருடைய அண்ணன்மார் உங்கள் ஊரிலேயே ஏதேனும் ஓர் உறுமிக் குழுவில் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, தேய்ப்பை மட்டும் தனியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு காவடிச்சிந்தில் ஒரு கண்ணியை எடுத்துக்கொண்டு, அவர் அடிக்க, பிள்ளைகள் பள்ளித் திடலைச் சுற்றி நடந்தபடியே பாடட்டும். உரையும் இலக்கணமும் அதற்குப் பிறகு வரலாம். எந்தக் கண்ணியிலிருந்து தொடங்குவது என்று கேட்டு எழுதினால், இரண்டு மூன்றை என் கைப்பட எழுதி அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்