ஈயச் சொம்பு ஏன் உருகியது?

அன்புள்ள ஐயா,

போன வாரம் அம்மாவின் ஈயச் சொம்பு அடுப்பிலேயே உருகிவிட்டது. ரசம் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. போன் பேசிவிட்டு வந்து பார்த்தால் ரசமும் இல்லை, சொம்புக்கு அடியும் இல்லை. பனிக்கட்டி 0 டிகிரியிலேயே உருகுகிறது. ஈயத்துக்கு 232 டிகிரி வேண்டுமாம். அப்படியானால் ஈயத்தை உருக்கத்தானே அதிக வெப்பம் தேவை? இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போயிற்று?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எங்கள் வீட்டுச் சொம்பும் இப்படித்தான் போனது. பர்னருக்கு அடியில் வெள்ளிக் குண்டுமணிகளாகக் கிடந்ததைப் பொறுக்கி எடுத்தோம்.

எத்தனை டிகிரியில் உருகும் என்பது ஒரு கணக்கு, உருக எவ்வளவு வெப்பம் பிடிக்கும் என்பது வேறு கணக்கு. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி, ஒரு டிகிரிகூட ஏறாமல், வெறுமனே தண்ணீராக மாறவே 334 ஜூல் விழுங்கும். வெப்பமானிக்குத் தெரியாமல் உள்ளே போவதால்தான் அதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஈயச் சொம்பு உண்மையில் வெள்ளீயம். அது உருக கிராமுக்குச் சுமார் 60 ஜூல் போதும். முதலில் 232 டிகிரிக்கு ஏற வேண்டுமே என்பீர்கள். சரி, அதற்கு இன்னொரு 46 ஜூல். மொத்தமே 106தான்!

இத்தனைக்கும் துகளுக்குத் துகள் பார்த்தால் வெள்ளீயத்துக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் அதன் ஓர் அணு, நீர் மூலக்கூறைப்போல ஆறரை மடங்கு கனம். அதனால் ஒரு கிராம் பனிக்கட்டியில் ஆறரை மடங்கு துகள்கள். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவது மாதிரிதான், தலை கூடினால் வசூலும் கூடும்.

அப்புறம், ரசம் இருந்தவரை சொம்புக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஒரு கிராம் தண்ணீர் கொதித்து ஆவியாக 2,257 ஜூல் வேண்டும். அடுப்பு கொடுத்ததையெல்லாம் ரசமே வாங்கிக்கொண்டு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. சொம்பும் 100 டிகிரியை ஒட்டியே நின்றது. சொம்பு 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், முழுவதையும் உருக்க ஏறக்குறைய 32,000 ஜூல். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரை ஆவியாக்குகிற வெப்பம்தான் அது. அத்தனை ரசத்தையும் வற்றவைத்த அடுப்புக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? எங்கள் பாட்டி ரசத்தை ஊற்றாமல் சொம்பை அடுப்பில் ஏற்றவே மாட்டார், நுரை கட்டியதும் இறக்கியும்விடுவார்.

புதிது வாங்கும்போது காரீயம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். காரீயம் உருக கிராமுக்கு 23 ஜூல்தான் பிடிக்கும் என்பது இருக்கட்டும், அது விஷம்.