ரேஷன் கடையில் விழாத ரேகை

கேள்வி: எனக்கு 36 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாக மாடி அறையில் சொந்தமாக பீர் தயாரிக்கிறேன். விற்பதில்லை, நானும் இரண்டு நண்பர்களும் குடிப்பதோடு சரி. ஒரு தடவைக்கு 20 லிட்டர், அதாவது 650 மில்லி பாட்டிலில் முப்பது. முதல் நான்கு தடவை அருமையாக வந்தது. கடைசி மூன்று தடவையும் மொத்தமாகப் புளித்துவிட்டது. சில பாட்டில்கள் திறந்ததும் பொங்குகின்றன, ஒன்று ராத்திரியில் வெடித்தே விட்டது. பாட்டில் சுத்தமில்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய பாட்டில் கடையில் வாங்கியவை. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் அலசுகிறோம். டிரம், குழாயெல்லாம் நுணுக்கமான வேலை என்பதால் நானே பார்த்துக்கொள்கிறேன். பாட்டில் கழுவுவதை அம்மா பார்த்துக்கொள்கிறார். ஸ்குவாஷ் போட என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருபது வருஷம் இருந்தவர், ஆசிட், சோடா எல்லாம் அவர் கைக்குப் பழக்கம், பொழுதும் போகிறது. கொஞ்ச நாளாக விரலில் தோல் உரிவதால் முன்போல அழுத்தித் தேய்ப்பதில்லையோ என்று சந்தேகம். போன மாதம் ரேஷன் கடையில் அவருக்கு ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், நான் மீட்டிங்கை விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. மனைவி பாட்டிலைத் தொடவே மாட்டேன் என்கிறாள். கிருமி முழுக்கச் சாக எதைப் போட்டுக் கழுவவேண்டும்?

பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பீர் எத்தனை லிட்டர், பாட்டில் எத்தனை மில்லி, எத்தனை தடவை புளித்தது, எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. தோல் எத்தனை நாளாக உரிகிறது என்றும் இல்லை. "கொஞ்ச நாளாக." ரேஷன் கடையில் ரேகை விழாததும் உங்கள் மீட்டிங் கெட்டுப்போன கதையாகத்தான் வருகிறது.

அந்த வரியிலிருந்து என்னால் நகர முடியவில்லை. கடைக்காரர் விரலை வைக்கச் சொல்லியிருப்பார். விழவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லியிருப்பார். அப்புறம் கட்டைவிரல், அப்புறம் இடது கை. பின்னால் வரிசை முணுமுணுத்திருக்கும். உங்கள் அம்மா தன் விரலைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டு பையோடு வீட்டுக்கு நடந்து வந்திருப்பார். ஏன் விழவில்லை என்று அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களா?

நீங்கள் கேட்கவில்லை என்றால் நான் சொல்கிறேன். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கை பட்டால் வழுவழுவென்று இருக்கும். சோப்பு மாதிரி இருக்கிறதே என்று நினைப்போம். நிஜமாகவே அது சோப்புதான், நம் தோலில் இருக்கும் கொழுப்பைத் தின்று அந்த சோடா அங்கேயே செய்கிற சோப்பு. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து சோப்புக் கட்டி செய்வார்களே, அதே வேலை விரல் நுனியில் நடக்கிறது. பீர் தொழிற்சாலைகளிலும் பாட்டிலைக் காஸ்டிக் சோடாவில்தான் கழுவுகிறார்கள். ஆனால் அங்கே இயந்திரம் கழுவுகிறது. கிட்டே நிற்கிற ஆள்கூடக் கையுறையும் கண்ணாடியும் போட்டிருப்பார். உங்கள் வீட்டில் அந்த இயந்திரத்தின் பெயர் அம்மா.

"கைக்குப் பழக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தவள். கொலுசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் முக்கி, பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் பெண்களைத் திண்ணை திண்ணையாகப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கணக்கு முடித்துக் கூலி வாங்கும்போது உள்ளங்கை ஊறி வெளுத்திருக்கும். சாப்பாட்டில் காரம் பட்டால் எரியும் என்று மோர்ச்சோறாகவே சாப்பிட்ட ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அது பழக்கமா, தம்பி? வேறு வழி இல்லாததற்குப் பெயர் பழக்கமா? இருபது வருஷம் அப்படித் தேய்த்த காசில்தான் உங்கள் ஃபீஸ் கட்டியிருப்பார் என்று ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அடுத்து, "பொழுதும் போகிறது." இந்த வார்த்தை எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, மாவு அரைக்க, பார்சல் வாங்கி வைக்க, எல்லாம் அம்மாவுக்குப் பொழுது போவதற்காகத்தான். பொழுதுபோக்கு என்பது ஆள் தானாகத் தேடிக்கொள்வது. பீர் உங்கள் பொழுதுபோக்கு. அதில் வரும் கழுவல் அம்மாவின் பொழுதுபோக்கு ஆகாது. பெற்றவள் கேட்டால் செய்வாள், கேட்காமலும் செய்வாள். அதனால்தான் வளர்ந்த பிள்ளை கேட்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

ஸ்குவாஷ் பொய்யை என்ன சொல்ல? எட்டு மாதமாக முப்பது முப்பதாகப் பாட்டில் மாடிக்குப் போகிறது. வீட்டில் ஒருவர்கூட ஒரு டம்ளர் ஸ்குவாஷ் குடிக்கவில்லை. நுரை வாடையோடு அதே பாட்டில்கள் கீழே இறங்கி வருகின்றன. அம்மாவுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருப்பது நீங்கள் ஒருவர்தான்.

தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சட்டம் கேட்காது. ராஜாஜி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது உங்கள் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. அந்த ஆண்டுச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றைக்கும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. டாஸ்மாக்கில் வாங்குவது வேறு. உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம், விற்காவிட்டாலும் குற்றம். நாளைக்கு யாராவது புகார் கொடுத்துப் போலீஸ் வந்தால் பின்கட்டில் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருப்பது யார்? உங்கள் மனைவி ஏன் தொடமாட்டேன் என்கிறார் என்று இப்போதாவது புரிகிறதா? அந்த வீட்டில் யோசிக்கிற ஆள் அவர்தான்.

எனவே பீர் எப்படித் தயாரிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் கேட்ட புளிப்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒருவர் மேல் அநியாயமாகப் பழி விழுந்திருக்கிறது.

பாட்டில் அழுக்கு என்றால் முப்பதில் இரண்டு கெடும், நான்கு கெடும். ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனி ஆள் மாதிரி. ஒன்றின் அழுக்கு இன்னொன்றுக்குப் போகாது. மூன்று தடவையும் "மொத்தமாக"ப் புளித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முப்பதும் ஒரே மாதிரி புளித்தால் கோளாறு பாட்டிலுக்குள் போகும் முன்பே நடந்துவிட்டது. டிரம்மில், டிரம்மின் திருகுக் குழாயில், ஊற்றும் ரப்பர் டியூபில். பிளாஸ்டிக் டிரம்மை நார் போட்டுத் தேய்த்திருந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். பாலைத் தயிராக்கும், இட்லி மாவைப் புளிக்கவைக்கும் கிருமிகளின் சொந்தக்காரர்கள் அந்தக் கீறலில் குடியிருப்பார்கள். எதை ஊற்றினாலும் முழுதாகப் போகமாட்டார்கள். திருகுக் குழாயைக் கழற்றி உள்பக்கம் பார்த்திருக்கிறீர்களா? டிரம், குழாய் எல்லாம் நுணுக்கமான வேலை, அதனால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிய கைதான் கெடுத்திருக்கிறது. அம்மா அழுத்தித் தேய்க்கவில்லையாம்!

வெடித்த பாட்டிலும் அம்மா கணக்கில் வராது. வெளிக்கிருமி புகுந்தால், பீரின் ஈஸ்ட் மிச்சம் வைத்ததையும் தின்று வாயுவை ஏற்றிக்கொண்டே போகும். தளத்துக்கு நேர் கீழே இருக்கும் மாடி அறையில் சேலத்து வெயில் அதற்கு இன்னும் தூபம் போடும். பழைய பாட்டில் கடையில் வாங்கியவை வேறு. பலமுறை சுற்றிவந்த பாட்டிலின் தோள்பட்டையில் வெள்ளையாக உராய்ந்த வளையம் இருக்கும், வாயில் சில்லு பெயர்ந்திருக்கும். அழுத்தம் ஏறினால் அங்கேதான் பிளக்கும். மிச்சம் இருப்பவற்றை அறையில் யாரும் இல்லாதபோது, முகத்துக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த துணியும் போட்டுக்கொண்டு, நீங்களே திறந்து சாக்கடையில் கொட்டுங்கள். குலுக்காதீர்கள்.

இனி பாட்டில் கழுவுவதைப் பற்றி. ஏற்காட்டு ஆரஞ்சில் ஸ்குவாஷ் போடுகிறவர்கள், நன்னாரி சர்பத் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்பதுண்டு, அவர்களுக்காகவும் சொல்கிறேன்.

சுத்தம் செய்வது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை. அழுக்கின்மேல் பிளீச்சிங் ஊற்றினால் அழுக்கை எதிர்ப்பதிலேயே அதன் வீரியம் தீர்ந்துவிடும். என் அம்மா மாவடு ஜாடியை முதலில் கழுவுவார், அப்புறம் வெந்நீர், அப்புறம் இரண்டு நாள் வெயில், கடைசியில் நெருப்பில் பெருங்காயம் போட்டு அந்தப் புகையின்மேல் ஜாடியைக் கவிழ்ப்பார். ஈரக்கையோடு யாராவது கிட்டே போனால் அடிதான். முறை அவ்வளவுதான், மருந்து மாறலாம்.

பாட்டிலுக்கு முதல் மருந்து உடனே அலசுவது. குடித்து முடித்த அந்த நிமிஷம் அடியில் இருக்கும் வண்டல் தண்ணீர் பட்டாலே போய்விடும். இரண்டு நாள் மூலையில் கிடந்தால் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்போதுதான் ஊறலும் பிரஷும். நீங்களும் உங்கள் நண்பர்களும் குடித்ததும் எழுந்து அலசியிருந்தால் அந்த வீட்டுக்குள் காஸ்டிக் சோடா வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது. காய்ந்துபோனதற்குச் சலவை சோடா போட்ட வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறல் போதும், லேபிளும் கழன்றுவிடும். அதற்கும் கையுறை வேண்டும். பிரஷ் போட்டு அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் வெள்ளைப் படலம் தெரியும். சேலத்துத் தண்ணீரோடு வாழ்பவர்களுக்கு அது புதிதில்லை. அதற்கு வினிகர் நல்லது. ஆனால் பிளீச்சிங் பட்ட பாட்டிலில், பிளீச்சிங் இருக்கும் வாளியில், வினிகரோ கழிவறை ஆசிட்டோ ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும்.

கிருமி நீக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி சூடுதான். பெரிய பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பாட்டிலைப் பச்சைத் தண்ணீரிலேயே மூழ்க வைத்து, மெதுவாகக் கொதிக்கவிட்டு, கொதி வந்தபின் கால் மணி நேரம். ஏற்காட்டில் இருப்பவர்கள் இன்னும் ஐந்து நிமிஷம் விடுங்கள், மலையில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடான பாட்டிலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், அவசரப்படாதீர்கள். பிளீச்சிங் பவுடரின் மிச்சம் பாட்டிலில் தங்கினால் பானத்தில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். அதனால் பாட்டிலுக்கு நான் அதைச் சொல்வதே இல்லை.

அவ்வளவுதான் பாட்டில். இனி அம்மா.

அந்த காஸ்டிக் சோடா டப்பாவை இன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அம்மாவை இந்த வாரம் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. என்னென்ன கையில் பட்டது, எத்தனை மாதமாகப் பட்டது என்பதை டாக்டரிடம் நீங்கள் சொல்லவேண்டும், அம்மா சொல்லமாட்டார். "ஒண்ணும் இல்லீங்க, லேசா உரியுது" என்றுதான் சொல்வார். சோடா படுவது நின்று, உள்தோல் கெடாமல் இருந்தால், சில வாரங்களில் புதுத்தோல் வளர்ந்து ரேகையும் திரும்பிவரும். அதுவரை பாத்திரம் தேய்ப்பதும் துணி அலசுவதும் உங்களுடையது. மனைவி தலையில் கட்டிவிடாதீர்கள். வீட்டிலிருந்தே வேலை என்றீர்களே, வசதியாகப் போயிற்று.

அப்புறம் பின்கட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அது ஸ்குவாஷ் இல்லை என்று சொல்லுங்கள். "தெரியும் கண்ணு" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள், ஃபோனை எடுக்காதீர்கள்.

ரேஷன் கார்டில் உங்கள் பெயரும் இருப்பதால்தானே போன மாதம் பொருள் கொடுத்தார்கள்? இனி மாதாமாதம் நீங்களே போங்கள். கை ஆறியதும் ஒரே ஒரு தடவை அம்மாவைக் கூட அழைத்துப் போய் விரலை வைக்கச் சொல்லுங்கள். ரேகை விழுந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பீரைப் பற்றி எழுதவேண்டாம்.