கெர்னல் மெமரியைக் கெடுத்தது யார்? கேள்வி பதில்

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) மெமரி கரப்ஷனை, அதாவது மெமரியில் இருக்கும் தரவை வேறு ஏதோ ஒரு நிரல் தவறாக எழுதிக் கெடுப்பதைத் துரத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. 64 பிட் எக்ஸ்86 இயந்திரம் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், எங்கள் டிரைவரை ஏற்றியதிலிருந்து சிஸ்டம் தினமும் விழுகிறது. ஒரு நாள் எக்ஸ்ட்4-இல் (ஃபைல் சிஸ்டம்), மறுநாள் டிசிபியில் (நெட்வொர்க்). எங்கிருந்து தொடங்குவது?

இடம் மாறிக்கொண்டே இருப்பதே கரப்ஷனின் அடையாளம். எக்ஸ்ட்4, டிசிபி இரண்டும் அடிபட்டவை. அடித்த நிரல் எப்போதோ எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது. ஸ்டாக் டிரேஸில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலில்) மேலே நிற்கும் ஃபங்ஷனைத் திருத்த உட்காராதீர்கள்.

லாகில் முதல் ஊப்ஸ் (கெர்னல் தன் பிழையை அச்சிடும் ரிப்போர்ட்) எது என்று பாருங்கள். அதில் கெர்னலின் நிலையைச் சொல்லும் டெயின்ட் எழுத்துகளில் ‘டி’ இருந்தால் அதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் நடந்திருக்கிறது. ‘டபிள்யூ’ இருந்தால் ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. மேலே போய் அதைத் தேடுங்கள்.

அடுத்து ஊப்ஸில் உள்ள ரெஜிஸ்டர்களை (சிபியூ அப்போது வைத்திருந்த எண்களை, ஹெக்ஸில்) படியுங்கள். 6பி 6பி என்று நிரம்பியிருந்தால், விடுவித்த ஸ்லப் மெமரியை (கெர்னல் சிறு துண்டுகளாக ஒதுக்கும் மெமரியை) யாரோ படித்திருக்கிறார்கள். 5ஏ என்றால் வாங்கிய பிறகு எதுவும் நிரப்பாத மெமரி. இவை இரண்டும் பாய்சனிங் (மெமரியை இப்படி அடையாள எண்ணால் நிரப்பும் வசதி) ஆனில் இருந்தால்தான் தெரியும். ‘டெட்’ என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் முகவரி, லிஸ்டிலிருந்து ஏற்கெனவே நீக்கிய கணுவுடையது. 7273752எஃப் போல எழுத்தாக வாசிக்க முடிகிற எண் இருந்தால் (பின்னிருந்து படித்தால் ‘/யுஎஸ்ஆர்’) ஏதோ ஒரு ஸ்ட்ரிங் எல்லை தாண்டியிருக்கிறது. 6பி நிரம்பிய பாயின்ட்டரை (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறியை) தொட்டால் பேஜ் ஃபால்ட் வராது. அது செல்லுபடியாகும் முகவரி வடிவமே இல்லை என்பதால் ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட் வரும்.

கேள்வி: ஸ்லப் டீபக் (ஸ்லப் மெமரியைச் சோதிக்கும் கெர்னல் வசதி) போட்டதும் ‘பாய்சன் ஓவர்ரிட்டன்’ என்று வந்தது. 6பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பைட் 6ஏ. ரேம் பழுதா?

அவசரப்பட்டு ரேமை மாற்றாதீர்கள். 6பி-யின் கடைசி பிட் கவிழ்ந்தால் 6ஏ வரும், உண்மைதான். ஆனால் ஒன்றைக் கழித்தாலும் 6ஏ-தான். விடுவித்த ஆப்ஜெக்டில் இருந்த ரெஃப்கவுன்ட்டை (எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை) இன்னொருவர் குறைத்தால் சரியாக இதுதான் நடக்கும். 6பி6பி6பி6பி என்பது பெரிய நேர்ம எண் என்பதால் ரெஃப்கவுன்ட் பாதுகாப்புச் சோதனையும் வாய் திறக்காது. 6சி வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்: 6பி-யிலிருந்து அதற்குப் போக மூன்று பிட் மாற வேண்டும். அது ஒன்றைக் கூட்டிய நிரல்.

பிரித்தறிய வழி இருக்கிறது. கெட்டுப்போன பைட்டின் முகவரியிலிருந்து ஆப்ஜெக்டின் தொடக்க முகவரியைக் கழித்து ஆஃப்செட்டைக் குறித்து வையுங்கள். மூன்று நான்கு ரிப்போர்ட் சேரட்டும். வெவ்வேறு ஆப்ஜெக்டுகளில் ஒரே ஆஃப்செட் என்றால் சாஃப்ட்வேர் பிழை. எப்போதும் ஒரே பிசிக்கல் முகவரி, ஒரே பிட் என்றால் ரேம். இரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓடட்டும்.

சாஃப்ட்வேர் என்று தெரிந்தால், டீபக் தகவலோடு பில்ட் செய்த அதே கெர்னல் இமேஜில் பஹோல் (ஸ்ட்ரக்ட்டின் உள்ளமைப்பைக் காட்டும் கருவி) ஓட்டி, அந்த ஆஃப்செட்டில் எந்த ஃபீல்டு இருக்கிறது என்று பாருங்கள். எந்த ஸ்ட்ரக்ட் என்பதைக் கேஷின் (ஒரே அளவுத் துண்டுகளின் தொகுப்பின்) பெயர் சொல்லாது. கேமேலாக்-256 என்பது அளவு மட்டுமே. ஸ்லப்_டீபக் அளவுருவில் எஃப், இசட், பி என்பவற்றோடு ‘யு’ எழுத்தையும் சேர்த்திருந்தால், யார் வாங்கினார், யார் விடுவித்தார் என்ற இரண்டு டிரேஸும் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். விடுவித்த பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆப்ஜெக்டின் பாயின்ட்டரை இன்னும் வைத்திருக்கக்கூடியவர்கள் யார் யார் என்பதுதான் இனி உங்கள் கேள்வி. ரிப்போர்ட்டை அச்சிட்ட பிராசஸ் நிரபராதி. பெரும்பாலும் அடுத்த முறை அந்த இடத்தை வாங்கும்போதுதான் சேதம் கண்ணில் படுகிறது.

கேள்வி: மெமரிப் பிழை பிடிக்கும் கருவிகளான கேசான், கேஃபென்ஸ், ஸ்லப் டீபக் – எதை எப்போது?

கெர்னலை மறுபடி பில்ட் செய்ய முடியும் என்றால் கேசான்தான். லினக்ஸ் 4.0-இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு மெமரி அணுகலுக்கும் முன் கம்பைலர் ஒரு சோதனையை நுழைப்பதால், தவறு நடக்கும் அதே கணத்தில் பிடிபடும். 8 பைட்டுக்கு 1 ஷேடோ பைட் (அவற்றைத் தொடலாமா என்று குறித்து வைக்கும் பைட்), அதாவது ரேமில் எட்டில் ஒரு பங்கு போகும், வேகமும் குறையும். இயல்பாக முதல் ரிப்போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளும். தொடர்ந்து வேண்டுமானால் பூட் வரியில் மல்டி ஷாட் கொடுங்கள்.

பில்ட் செய்ய வழியில்லை என்றால் ஸ்லப் டீபக். சந்தேகப்படும் கேஷின் பெயரை மட்டும் கொடுத்தால் சுமை தாங்கும்.

5.12-இல் வந்த கேஃபென்ஸ், நேரடிப் பயன்பாட்டில் ஓடும் சர்வர்களுக்கானது. இயல்பு அமைப்பில் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு ஒதுக்கீட்டை மட்டும், தொட்டால் ஃபால்ட் வரும் காவல் பக்கங்களுக்கு நடுவே வைக்கும். 255 ஆப்ஜெக்ட், 2 எம்பி, அவ்வளவுதான் செலவு. ஒரே இயந்திரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி எதிர்பார்க்காதீர்கள். நூறு இயந்திரங்களில் பல நாள் ஓடினால் பிடிக்கும்.

கேள்வி: கேசான் போட்டாலே பிழை மறைந்துவிடுகிறதே அண்ணா?

அப்படியென்றால் அது பெரும்பாலும் ரேஸ், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு பாதைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை. சோதனைகள் நேரத்தை மாற்றிவிட்டன. விடுவிக்கும் வரிக்கும் சந்தேகப்படும் பயன்பாட்டுக்கும் இடையே சில மில்லிசெகண்ட் எம்டிலே (தாமதப்படுத்தும் ஃபங்ஷன்) போட்டு ஜன்னலை அகலப்படுத்துங்கள், கேசானிலேயே மாட்டும். 5.8-இல் வந்த, ரேஸைப் பிடிக்கும் கேசிசானையும் தனி பில்டாக ஓட்டிப் பாருங்கள். கெடும் முகவரி ஒவ்வொரு முறையும் ஒன்றே என்றால் ஹார்ட்வேர் வாட்ச்பாயின்ட் (அந்த முகவரியை யாராவது தொட்டால் சிபியூவே நிறுத்திச் சொல்லும் வசதி) வையுங்கள். சிபியூவுக்கு நான்கு, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட்.

கேள்வி: எந்தக் கருவியும் பேசவில்லை. ஆனால் ஒரு பக்கத்தின் தொடக்கத்தில் தொடர்ச்சியாகக் குப்பை.

அந்தக் குப்பையை ஹெக்ஸில் படியுங்கள். 12-ஆவது ஆஃப்செட்டில் 08 00, உடனே 45 என்று இருந்தால் அது குப்பையல்ல, ஐபிவி4 பாக்கெட். நெட்வொர்க் கார்டு டிஎம்ஏ வழியாக (சிபியூ இல்லாமல்) மெமரியில் நேராக எழுதியிருக்கிறது. சிபியூ எழுதாததைக் கேசானால் பார்க்கவே முடியாது.

ஐஓஎம்எம்யு என்பது சாதனங்கள் எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஹார்ட்வேர்; அதைத் தாண்டிப்போக விடும் பாஸ்த்ரூவை அணைத்து, ஸ்ட்ரிக்ட்டை 1 ஆக்குங்கள். ஸ்ட்ரிக்ட் இல்லாவிட்டால் அன்மேப் செய்த பிறகும் பழைய மேப்பிங் சிறிது நேரம் உயிரோடு இருக்கலாம். இருந்தால் சாதனம் தவறாக எழுதுவதும் சத்தமில்லாமல் போய்ச் சேரும். ஸ்ட்ரிக்டில் எந்தச் சாதனம், எந்த முகவரி என்று ஃபால்ட் லாகில் விழும். டிஎம்ஏ ஏபிஐ டீபக்கையும் ஆன் செய்யுங்கள்.

டிரைவரை இறக்கும் பாதையில் வரிசையைச் சரிபாருங்கள்: முதலில் சாதனத்தின் டிஎம்ஏவை நிறுத்த வேண்டும், நின்றதா என்று ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்து உறுதி செய்ய வேண்டும் (பிசிஐஇ-யில் எழுதியது உடனே போய்ச் சேராது, படித்தால்தான் தள்ளும்), பிறகு அன்மேப், கடைசியில் ஃப்ரீ.

கேள்வி: சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் விழுகிறது. பைசெக்டில் (கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்து, பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடுவதில்) ‘நல்லது’ என்று எப்போது குறிப்பது?

6 மணி நேரம் ஓட்டினாலும் கெட்ட கமிட்டை நல்லது என்று தவறாகக் குறிக்க 5 சதவீத வாய்ப்பு உண்டு. ஆயிரம் கமிட்டுக்குப் பத்துப் படி. அத்தனை படியிலும் இந்த 5 சதவீதம் சேர்ந்தால் முடிவை நம்ப முடியாது. 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள், 1 சதவீதமாகக் குறையும்.

கேள்வி: கேஃப்ரீக்குப் (மெமரியை விடுவிக்கும் ஃபங்ஷன்) பிறகு பாயின்ட்டரை நல் (வெற்று முகவரி) ஆக்கினால் போதுமா?

போதாது. உங்கள் கையில் இருந்த நகல் மட்டும்தான் நல் ஆனது. டைமரிடமும் வொர்க்கியூவிடமும் (பின்னால் செய்ய ஒதுக்கிய வேலைகளின் வரிசை) உள்ள நகல்கள் அப்படியே இருக்கின்றன. டைமரை சிங்க் வகை ஃபங்ஷனால் நிறுத்துங்கள், கேன்சல்_வொர்க்_சிங்க் கூப்பிடுங்கள், ஆர்சியூ வாசகர்கள் (பூட்டு போடாமல் அந்தத் தரவைப் படிக்கும் பாதைகள்) இருந்தால் கேஃப்ரீ_ஆர்சியூ பயன்படுத்துங்கள். அதன் பிறகு பாய்சனிங், கேசான் இரண்டையும் ஆனில் வைத்து, அதே சோதனையை முன்பு விழுந்த நேரத்தைப் போல ஐந்து மடங்கு ஓட்டுங்கள்.