முட்டம் பாறைகளை எடுக்க ஐஎஸ்ஓ 50 ஃபிலிம் சரிப்படுமா?

தாத்தாவின் பழைய கேமராவில் இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ் 50 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு முட்டம் பாறைகளை எடுக்கலாமா, ஐஎஸ்ஓ 50 என்றால் ரொம்ப ஸ்லோ ஆயிற்றே, வெளிச்சம் நிறைய கேட்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். நம்மூர் வெயிலுக்கு லென்ஸ் துவாரம் எஃப்/16-இல் 1/60 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும். பின்னணி மங்கலாக வேண்டுமா, எஃப்/4-க்குத் திறந்து 1/1000 வையுங்கள். வேகமான ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் அதற்கு 1/8000 வேண்டும். தாத்தா கேமராவில் அது ஏது?

படத்தில் புள்ளியாய்த் தெரியும் குருணை இதில் அவ்வளவு நுண்மை. பாறையில் ஒட்டிய சிப்பியின் வரிகூடப் பெரிய பிரின்ட்டில் தெரியும். ஆனால் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு, அதிகம்: உச்சி வெயிலில் வெள்ளை நுரையும் பாறை இடுக்கும் ஒரே ஃபிரேமில் வந்தால் ஒன்று போய்விடும். லைட் மீட்டரில் ஐஎஸ்ஓ 25 என வைத்து எடுத்து, டெவலப் நேரத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் மட்டும் இதை நம்பிப் போகாதீர்கள். அந்த இருட்டில் கை நடுக்கம்தான் பதியும்.

அப்புறம், எடுத்த ரோலை 3 மாதத்துக்குள் கழுவிவிடுங்கள்; இந்த ஃபிலிமில் பதிந்த பிம்பம் சீக்கிரம் மங்கும். மழைக்காலம் முழுக்க அலமாரியில் மறந்துபோன என் ரோல் ஒன்று வெளிறித்தான் வந்தது. ஃபிலிம் கழுவும் ரசாயனமான டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், நாகர்கோவில் குழாய்த் தண்ணீர் அதற்கு உதவாது. ஐஸ் போட்ட பேசினில் பாட்டிலை நிறுத்துங்கள்.