நாற்றுக்கு எல்ஈடி தட்டு: வீட்டில் செய்கிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மாரி நெருங்குகிறது. நாற்றுக்கு வீட்டுக்குள் லைற் போடுவது பற்றிக் கனபேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் யாழ்ப்பாணத்து ஊர்.

சுன்னாகம்: அண்ணை, எங்கட வெயிலுக்குள்ள இருந்துகொண்டு செடிக்கு லைற் போடத் தேவையா?

வெயில் காலத்தில் தேவையே இல்லை. நல்ல நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் 2000 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளியை எண்ணும் அலகு) அளவு ஒளி விழுகிறது. நாம் எல்ஈடி பதித்துச் செய்யும் எந்தத் தட்டும் அதற்குக் கிட்ட வராது. ஐப்பசி, கார்த்திகையில்தான் சிக்கல். நாள்கணக்கில் மூடம் போட்டிருக்கும், நாற்று வெளிறி நெட்டையாக இழுபடும். வெளியே வைத்தால் ஈரம் நின்று அடியழுகல் வந்து, ஒரு தட்டு நாற்றும் இரண்டு நாளில் சரிந்துவிடும். மிளகாய், தக்காளி, தின்னவேலி ஊதாக் கத்தரி ஆகியவற்றின் நாற்றுக்கு 150 முதல் 200 மைக்ரோமோல் காணும். அதை வீட்டில் தாராளமாகக் கொடுக்கலாம். காய்க்கும் வரைக்கும் லைற்றின் கீழ் வளர்ப்பதை நான் சொல்லமாட்டேன். கரண்ட் காசு மிளகாயின் விலையைத் தாண்டிவிடும்.

கொக்குவில்: 2 அடிக்கு 1 அடி நாற்றுத்தட்டு. எத்தனை வாட் வேண்டும்?

அந்தப் பரப்பு 0.19 சதுர மீற்றர். 200 மைக்ரோமோல் வேண்டுமானால் செக்கனுக்கு ஏறக்குறைய 37 மைக்ரோமோல் இலையில் விழ வேண்டும். ஓரத்தால் சிதறிப்போவதையும் சேர்த்து 50 என்று வையுங்கள். ஓரளவு தரமான வெள்ளை எல்ஈடி வாட் ஒன்றுக்கு 2 மைக்ரோமோலாவது தரும். ஆக 25 வாட் போதும். பெட்டியில் எழுதியிருக்கும் "1000 வாட்" போன்றவற்றை நம்ப வேண்டாம் தம்பி, சுவரிலிருந்து இழுக்கும் வாட்டை மட்டும் பாருங்கள்.

அளக்க விலையுயர்ந்த மீற்றர் தேவையில்லை. போனில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, வெள்ளை எல்ஈடியின் கீழ் வரும் எண்ணை 70ஆல் வகுங்கள். 14,000 லக்ஸ் காட்டினால் கிட்டத்தட்ட 200 மைக்ரோமோல். போனுக்குப் போன் வித்தியாசம் வரும். ஆனால் நடுவிலும் ஓரத்திலும் எவ்வளவு வேறுபாடு என்று பார்க்க இதுவே நல்ல வழி.

நல்லூர்: ஊதா வெளிச்சம்தான் செடிக்கு நல்லதாமே?

இல்லை அக்கா. இலை 400 முதல் 700 நானோமீற்றர் வரையான ஒளி முழுவதையும் பயன்படுத்துகிறது, பச்சையையும்கூட. வெள்ளை எல்ஈடியின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு (சிப்). மேலே பூசிய மஞ்சள் பொஸ்பர்தான் அதை வெள்ளையாக்குகிறது. ஆகவே நீலமும் வந்துவிடுகிறது, சிவப்பும் வந்துவிடுகிறது. 4000 கெல்வின் (வெள்ளையின் நிறச்சாயலைக் காட்டும் எண்) வெள்ளை நாற்றுக்குத் திறம். ஊதா வெளிச்சத்தில் இலை பழுத்ததா, பூச்சி இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. அது எனக்குப் பெரிய குறை.

மானிப்பாய்: பழுதான எல்ஈடி பல்ப்புகளின் தட்டுகளைக் கழற்றிப் பாவிக்கலாமா?

தயவுசெய்து அப்படியே 230 வோல்ற்றில் கொடுக்க வேண்டாம். மலிவான பல்ப்புகளில் மின்பிரிப்பு, அதாவது எல்ஈடியை மெயின் கரண்டிலிருந்து பிரித்துவைக்கும் ஏற்பாடு, கிடையாது. தட்டில் தெரியும் ஒவ்வொரு எல்ஈடியின் காலும் மெயின் கரண்டோடு நேரே தொடுப்பில் இருக்கும். பிளாஸ்ரிக் மூடி போனால், நாற்றுக்குத் தண்ணீர் தெளித்த ஈரக்கை அதில் படும். உயிரோடு விளையாடும் வேலை இது. அதோடு, அந்தச் சில்லுகள் பலவற்றில் ஒன்றுக்கு 9 அல்லது 18 வோல்ற் வேண்டும். மல்ரிமீற்றரின் டயோட் நிலையில் தொட்டால் எரியாது, பழுது என்று நினைத்து எறிந்துவிடுவீர்கள். புதுச் சில்லு மலிவு. அதை வாங்குங்கள்.

கோண்டாவில்: சில்லுகளை எப்படித் தொடுப்பது? 12 வோல்ற் அடாப்டர் இருக்கிறது, காணாதா?

அடாப்டர் வோல்ற்றைத்தான் நிலையாக வைக்கும். எல்ஈடிக்கு நிலையாக வேண்டியது கரண்ட். சில்லு சூடாகும்போது அதற்குத் தேவையான வோல்ற் இறங்கும், அதே அடாப்டர் இன்னும் கூடக் கரண்ட் கொடுக்கும், சில்லு இன்னும் சூடாகும். இந்தச் சுற்றில் கருகிப்போகும். ஆகவே நிலைக்கரண்ட் டிரைவர் எடுங்கள், மின்பிரிப்பு உள்ளதாக.

நான் சொல்லும் அமைப்பு இது: 2835 அளவு (2.8க்கு 3.5 மில்லிமீற்றர்), 3 வோல்ற், 150 மில்லியம்பியர் சில்லுகள். 16ஐத் தொடராக ஒரு வரிசை, அப்படி 6 வரிசை சமாந்தரமாக, மொத்தம் 96. டிரைவர் 600 மில்லியம்பியர், ஒரு வரிசைக்கு வேண்டிய 46 வோல்ற் அளவு அதன் எல்லைக்குள் வர வேண்டும். வரிசைக்கு 100 மில்லியம்பியர், மொத்தம் 28 வாட் அளவு. 150 தாங்குவதை ஏன் 100இல் ஓட்டுகிறோம்? ஒரு வரிசை அறுந்தால் மற்ற ஐந்துக்கும் 120 போகும். இரண்டு அறுந்தாலும் 150தான். தட்டு பிழைத்துக்கொள்ளும். குறைந்த கரண்ட்டில் வாட்டுக்கு வெளிச்சமும் கூட வரும்.

660 நானோமீற்றர் சிவப்பைச் சேர்க்க ஆசை என்றால், எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கையில் சேருங்கள். சிவப்புக்கு 2 வோல்ற்றுக்குச் சற்று மேல்தான் தேவை. அதை மட்டும் 16 போட்டுத் தனி வரிசையாக்கினால் கரண்ட் முழுக்க அந்தப் பக்கம் ஓடும்.

உரும்பிராய்: தட்டு கொதிக்கிறது. விசிறி போடவா?

முதலில் அலுமினியத்தைக் கூட்டுங்கள் ஐயா. காசைச் சில்லின் பெயரில் கொட்டாமல் அலுமினியத்திலும் டிரைவரிலும் போட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். வெளிநாட்டுக்காரர் 22 பாகையில் செய்து காட்டுவது எங்கள் 33 பாகை அறைக்குள் அப்படியே நடக்காது. 28 வாட்டில் பாதியளவு சில்லிலேயே சூடாகிவிடும். அதைக் காற்றுக்குக் கொடுக்கப் பரப்பு வேண்டும். 2 மில்லிமீற்றர் தடிப்பில், நாற்றுத்தட்டு அளவுக்கே ஒரு அலுமினியத் தகடு எடுத்தால் விசிறியே வேண்டாம். யன்னல் பொருத்தும் கடைகளில் வெட்டுத்துண்டு கிடைக்கும். சில்லுகள் பதித்த அலுமினியப் பட்டிக்கும் தகட்டுக்கும் இடையில் வெப்பப் பசையை மெல்லிய படையாகப் பூசி இறுக்குங்கள். அப்பிப் பூசினால் அதுவே வெப்பத்தை மறிக்கும். ஒரு மணித்தியாலம் எரியவிட்டு, நிறுத்தி, தகட்டின் முதுகில் விரல் வையுங்கள். வைத்துக்கொண்டிருக்க முடிந்தால் நல்லது. சுட்டு விரலை இழுத்தால் 60 பாகைக்குக் கிட்ட வந்துவிட்டது. தகட்டைப் பெரிதாக்குங்கள் அல்லது கரண்ட்டைக் குறையுங்கள். தகட்டுக்கு ஏர்த் கட்டாயம்.

சாவகச்சேரி: பட்டியில் சில்லை ஒட்டும்போது ஈயம் பிடிக்கவே மாட்டுதாம்.

அலுமினியப் பட்டி ஈயம் உருக்கும் அயனின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அடியிலிருந்து சூடாக்குங்கள். பிஸ்மத் கலந்த ஈயப் பேஸ்ட் 138 பாகையில் உருகும், மின்னடுப்பில் வைத்த தட்டையான தகடே காணும். பேஸ்ட் சாம்பல் நிறத்திலிருந்து திடீரென்று பளபளக்கும், சில்லு தானாகவே ஒரு அசைவு அசைந்து நேராக இருக்கும். உடனே இறக்குங்கள். சில்லைச் சாமணத்தால் பிடிக்கும்போது பக்கங்களில் பிடியுங்கள். மஞ்சள் முகம் மென்மையானது. அழுத்தினால் உள்ளே மயிர் போன்ற கம்பி அறும்.

வல்வெட்டித்துறை: கடற்காற்றுக்கு நின்றுபிடிக்குமா?

ஈயப் பொட்டுகளுக்கும் கம்பி முனைகளுக்கும் காப்புப் பூச்சு அடியுங்கள், சில்லின் முகத்தில் படாமல். டிரைவரைத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள்.

இணுவில்: எத்தனை மணித்தியாலம், எவ்வளவு உயரம்? பிறகு எப்போது வெளியே வைப்பது?

14 மணித்தியாலம், ரைமர் போட்டு. டிரைவரில் வீணாவதையும் சேர்த்து மாதம் 13 யூனிற் அளவு வரும். இரவு பகலாக எரியவிட வேண்டாம், தக்காளி இலை மஞ்சளாகிவிடும். எல்ஈடி தட்டு, நாற்றின் நுனியிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். நாற்று இழுபட்டால் இறக்குங்கள், இலை மேல்நோக்கிச் சுருண்டால் ஏற்றுங்கள். நாலைந்து இலை வந்து மழை விட்டதும் முதல் இரண்டு நாளும் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு கிழமையில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். லைற்றின் கீழ் வளர்ந்த இலையை நேரே நண்பகல் வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகிவிடும்.